விண்ணில் இரண்டு பேர் ஒத்துப்போவதை ரசிப்பது எப்படி?

2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரண்டு செயற்கைக்கோள்களும் விண்வெளியில் பூட்டிக்கொண்டன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா என்று கைதட்டினோம். தட்டவேண்டியதுதான். ஆனால் ருசியெல்லாம் அதற்கு முந்தைய வாரத்தில் இருக்கிறது.

ஒரு விநோதத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சாலையில் முன்னால் போகிறவரைப் பிடிக்க ஆக்ஸிலரேட்டரை முறுக்குவோம். சுற்றுப்பாதையில் அப்படி முறுக்கினால் பாதை உயரும், ஒரு சுற்றுக்கான நேரம் கூடும், பின்தங்கிப்போவோம். 1965இல் ஜெமினி-4 விண்கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட், தன் ராக்கெட்டிலிருந்து கழன்ற பகுதியை நெருங்கப் பார்த்தார். எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம்.

போதாததற்கு, ஸ்பேடெக்ஸ் கலங்கள் சுற்றிய 475 கி.மீ. உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அது எவ்வளவு இழுக்கும் என்பதைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த நிலையில் இரண்டு கலங்களும் தாம் இருக்கும் இடத்தைக் கணித்து, வானொலி இணைப்பில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன, இடைவெளி குறைகிறது. பல இயந்திரங்கள் இப்படித் தங்களுக்குள் பேசியே ஒரு நிலைக்கு வருவதை இசைவுக் கட்டுப்பாடு என்கிறார்கள். கணிப்பு பிசகும்போது, அந்தப் பிசகை வைத்தே தெரியாததை மதிப்பிட்டுத் திருத்திக்கொண்டால் அது தகவமையும் கட்டுப்பாடு. ஸ்பேடெக்ஸில் அந்தத் திருத்தத்துக்குத் தரையில் மனிதர்களும் விழித்திருந்தார்கள்.

இனி நிறுத்தங்களைப் பாருங்கள்: 5 கி.மீ., 1.5 கி.மீ., 500 மீட்டர், 225 மீட்டர், 15, 3. ஒவ்வொன்றிலும் நின்று, சரிபார்த்து, பிறகே அடுத்த அடி. ஜனவரி 8 அன்று 225 மீட்டருக்கு நகரும்போது, தரைநிலையங்களின் பார்வையில் இல்லாத நேரத்தில், கலங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகிவிட்டன. மறுநாள் நடக்கவிருந்த இணைப்பைத் தள்ளிவைத்தார்கள். ஜனவரி 12 அன்று 15 மீட்டர், பிறகு 3 மீட்டர் வரை வந்து, தொடாமலே பின்வாங்கின. என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் அழகான நகர்வு இதுதான்.

இணைப்பு வளையத்தையும் கவனியுங்கள். இரண்டிலும் ஒரே அமைப்பு. பிடிப்பவர், பிடிபடுபவர் என்ற பேதம் வளையத்துக்குக் கிடையாது. இரண்டும் பூமியைச் சுற்றுவது மணிக்கு ஏறக்குறைய 27,500 கி.மீ. வேகத்தில். கடைசி நெருக்கத்துக்குத் திட்டமிட்டதோ விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர்!

கலங்களை வடிவமைத்தது பெங்களூரின் யு.ஆர். ராவ் மையம். துணைநின்ற ஐந்து மையங்களில் மூன்று திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவை: தும்பாவில் விக்ரம் சாராபாய் மையம், வலியமலையில் திரவ உந்துவிசை மையம், வட்டியூர்க்காவில் நிலைமக் கருவிகள் பிரிவு. வலியமலையில் இயக்குநராக இருந்த குமரி மாவட்டத்துக்காரர் வி. நாராயணன் இஸ்ரோ தலைவரானதும் இணைப்பு நடந்த அதே வாரத்தில்தான்.

சந்திரயான்-4 திட்டத்துக்கும் இந்திய விண்வெளி நிலையத்துக்கும் இந்த இணைப்பு வித்தை வேண்டும். அடுத்த முறை இணைப்பு ஒத்திவைப்பு என்று செய்தி வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். எத்தனை மீட்டரில் நின்றது என்று தேடிப் படியுங்கள்.