போட்டு எடுக்கவும்

முதலாண்டு மாணவிகளுக்கு நாட்டார் கதைகள் பற்றிப் பாடம் எடுக்கும்போது, பாட்டி வடை சுட்ட கதையில்தான் தொடங்குவேன். யாருக்கும் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. பாட்டி வடை சுட்டாள், காக்கா தூக்கிக்கொண்டு போனது, நரி பாடச் சொன்னது, வடை விழுந்தது. ஈசாப்பின் பாலாடைக்கட்டி நம்மூருக்கு வந்து வடையாகிவிட்டது. ஈசாப்பின் கதையில் பாலாடைக்கட்டியைச் செய்தது யார் என்ற பேச்சே இல்லை. நம் கதை அப்படி இல்லை, வடையைச் சுடுவதற்கென்று ஒரு கிழவியை மரத்தடியில் உட்காரவைத்தது. உட்காரவைத்துவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே அவளை மறந்தும் போனது.

அவள் ஏன் அந்த வயதில் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு யாரும் இல்லையா, ஒரு வடை போனதில் அவளுக்கு என்ன நட்டம்? ஆண்டுதோறும் இந்தக் கேள்விகளைக் கேட்பேன். 'பாவம் மேடம்' என்று வகுப்பு சொல்லும். பெண்ணியப் பாடத்தின் முதல் படியை ஏறிவிட்டோம் என்று நானும் திருப்தியோடு அறைக்குத் திரும்புவேன். அந்தத் திருப்தி போன ஆண்டு கலைந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பாட்டியை மறந்தது கதை மட்டும் அல்ல, மொழியும்தான். ஒன்றும் செய்யாமல் பேசியே காலம் தள்ளுகிறவரை 'வாயாலேயே வடை சுடுகிறார்' என்கிறோம். நல்ல கிண்டல்தான். ஆனால் உள்ளே ஓர் ஒப்புதலும் இருக்கிறது: வடையை வாயால் சுட முடியாது, அதற்கு எண்ணெயும் நெருப்பும் ஒரு கையும் வேண்டும். வெறும் பேச்சுக்கு எதிராக, செயல் என்றால் என்னவென்று காட்ட மொழி தேடிப்போன உவமை பெண்ணின் அடுப்படி வேலை. அந்த வேலையின் சொந்தக்காரியை மட்டும் பழமொழிக்குள் விடவில்லை. இன்றைய பேச்சில் 'சுட்டது' என்றால் திருடியது என்றும் பொருள். பாட்டி சுட்டதும் காக்கா சுட்டதும் ஒரே வினைச்சொல்லுக்குள் அடங்கிவிட்டன!

இந்த மறதியை நான் அதிகமாகப் பார்த்தது, பெண்கள் பெண்களுக்காக எழுதிய சமையல் குறிப்புகளில். தமிழ்ச் சமையல் குறிப்பில் பொரிக்கும் பலகாரம் எதுவானாலும் கடைசி வரி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: எண்ணெய் காய்ந்ததும் போட்டு, பொன்னிறமாக வந்ததும் எடுக்கவும். இடம் குறைவென்றால் 'பொன்னிறமாகப் போட்டு எடுக்கவும்'. கவிதை வரியை வாசிப்பதைப் போல இதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எண்ணெய் தானாகக் காய்கிறது. நிறம் தானாக வருகிறது. பெண் வருவது 'போட்டு', 'எடுக்கவும்' என்ற இரண்டு வினைகளுக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவே அவள் எங்கே போனாள்?

நடுவேதான் எல்லாம் நடக்கிறது. உளுந்து வடையை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையை ஈரமாக்கி, மாவு உருண்டையைத் தட்டி, நடுவில் விரலால் துளையிட வேண்டும். துளை அழகுக்காக அல்ல, நடுப்பகுதி மாவாகவே நின்றுவிடக் கூடாது என்பதற்காக. பிறகு அதை எண்ணெயில் நழுவவிட வேண்டும். புதிதாகச் செய்கிறவள் பயந்து உயரத்திலிருந்து போடுவாள், அப்போதுதான் எண்ணெய் தெறிக்கும். சுடாமல் இருக்க வேண்டுமென்றால் கையை எண்ணெய்க்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும். இந்த ஒன்றைக் கற்க எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. குறிப்புகளில் அது 'போட்டு' என்ற ஒரு சொல்.

முறுக்கில் அறிவு காதுக்கு வந்துவிடுகிறது. பிழிந்ததும் எண்ணெய் நுரைத்து இரைகிறது. மாவிலிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும் சத்தம் அது. நீர் தீரத் தீர இரைச்சல் குறையும். ஓசை அடங்கியதென்றால் முறுக்கு வெந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடிய பெண்களை எனக்குத் தெரியும். அதிரசம் இதற்கு நேரெதிர். வெல்லப்பாகு கலந்த மாவு என்பதால் உள்ளே வேகுமுன்னே மேலே கறுத்துவிடும், தீயைத் தணித்தே வைக்க வேண்டும். எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் அழுத்தி எண்ணெயை வடிக்க வேண்டும். சீடை ஆபத்தானது. உருண்டைக்குள் சிக்கிய ஈரத்துக்கு வெளியேற வழியில்லாவிட்டால் வெடிக்கும், கொதிக்கும் எண்ணெயோடு முகத்தை நோக்கி வரும். வெடித்தால் வீட்டில் முதலில் எழும் குரல் 'மாவைச் சலிச்சியா?' என்பது. காயம்பட்டவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இத்தனையையும் சேர்த்து நாம் வைத்திருக்கும் பெயர் கைப்பக்குவம். பாராட்டுச் சொல் போலத் தெரிகிறது. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. வெப்பம், ஈரம், நேரம் பற்றிப் பல ஆண்டுகள் கவனித்துச் சேர்த்த அறிவை, அது ஏதோ அவளுடைய கையோடு பிறந்த குணம் என்று ஆக்கிவிடுகிறது. சமையலை நினைவுகூரும் இன்றைய கட்டுரைகள், அதிலும் ஆண்கள் எழுதுபவை, அம்மாவின் கைமணம் என்ற இடத்துக்கு வந்ததும் கண் கலங்கி நின்றுவிடுகின்றன. அந்தக் கையில் எண்ணெய் தெறித்த வெள்ளைப் புள்ளிகள் எத்தனை என்று எண்ணிய ஒரு கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டபோது செய்தது இந்த மறைவுக்கு எதிரான வேலை என்றே நினைக்கிறேன். இளம் வயதில் கணவரை இழந்தவர், தன் அடுப்படி அறிவை அளவுகளாக எழுதிவைத்தார். பக்கத்தில் நின்று சொல்லித்தர மாமியாரோ அத்தையோ இல்லாத பெண்ணும் செய்துகொள்ளலாம் என்பது அந்த நூலின் நம்பிக்கை. தலைப்பே ஒரு கட்டளையும் அழைப்பும்: நீயே செய்து பார். அது ஒரு பிராமண வீட்டின் அடுப்படி என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நெத்திலியும் ஈரலும் அந்த எண்ணெயில் விழுவதில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான அடுப்படிகள் புத்தகமாக அச்சேறக் காத்திருந்த காலத்தில் ஒரு சாதியின் அடுப்படி மட்டும் 'தமிழ்ச் சமையல்' ஆனது. இரண்டும் உண்மை. இவற்றில் ஒன்றைச் சொல்லி மற்றதை விடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை.

இலக்கியத்துக்கு வருகிறேன். குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. தயிர் பிசைந்த விரல்களை உடுத்திய துணியில் துடைத்துக்கொண்டு, தாளிக்கும் புகை மையுண்ட கண்களில் படிய, தலைவி புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகத்தில் நுட்பமாக ஒரு மகிழ்ச்சி. இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாக இதைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவருகிறோம், நானும் நடத்தியிருக்கிறேன். தாளிப்பு வேறு, பொரிப்பு வேறு என்பது தெரியும். ஆனால் சூடேறிய கொழுப்பின் புகை கண்ணில் படுகிறது என்பதைத் தமிழில் இவ்வளவு பழைய காலத்திலேயே யாரோ கவனித்துவிட்டார்கள். கவனித்தது யார்? மணம் முடித்துப்போன மகளின் வீட்டைப் பார்த்துவந்த செவிலி, நற்றாயிடம் சொல்வதாகப் பாடல் அமைந்திருக்கிறது. புகையைப் பார்ப்பவள் இன்னொரு பெண். கணவன் குழம்பைப் பார்க்கிறான். பாடலில் தலைவிக்குப் பேச்சே இல்லை. செவிலி எல்லாவற்றையும் மகிழ்ச்சியான செய்தியாகத்தான் கொண்டுவருகிறாள், இல்லையென்று நான் வாதாடவில்லை. ஆனாலும் அழுக்குத் துணியையும் புகையையும் விடாமல் சொல்கிறாளே, அது ஏன்? பெற்றவளிடம் மட்டும் சொல்லக்கூடிய ஏதோ ஒன்று அதில் இருக்கிறது.

அந்தப் புகைக்கு இன்று வேறொரு ஆவணமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட தொகுதியில், உயர்வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2ஏ பிரிவில் வைத்தது. குறுந்தொகை வகுப்பில் இப்போது இதையும் சொல்கிறேன். பாடலின் அழகைக் கெடுத்துவிட்டேன் என்று சக ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டார்.

நவீன எழுத்தில் எண்ணிக்கையைத் தொடங்கிவைத்தவர் அம்பை. 'வெளிப்பாடு' கதையில், ஒரு பெண் வாழ்நாளில் சுட்ட தோசைகளுக்குக் கணக்குப் போடும் இடம் வரும்போது, நானும் என் தோழிகளும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவரவர் அம்மாவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறோம். பெண்ணின் உழைப்பைப் பற்றி இரக்கத்தோடு எழுதிய பக்கங்கள் செய்யாததை ஒரு பெருக்கல் செய்துவிட்டது. இரக்கம் ஒருமையில் பேசுகிறது. எண் வந்ததும் அது வரலாறாகிவிடுகிறது.

இனி இயந்திரம். டொராண்டோவில் வாழும் யாழ்ப்பாணத் தோழியின் வீட்டில்தான் மின்சாரப் பொரிப்பானை முதலில் நிதானமாகப் பார்த்தேன். மூடி, கம்பிக்கூடை, வெப்பத்தைத் தேர்வுசெய்யும் குமிழ். மீன் ரோல்ஸ், கட்லட், மரவள்ளிக்கிழங்குச் சீவல், இறால் எல்லாம் அதில் ஒழுங்காக வந்தன. உளுந்து வடையை மட்டும் கூடையில் போடக்கூடாது, ஈரமாவு கம்பிகளைப் பற்றிக்கொள்ளும். கூடையை எடுத்துவிட்டுக் கையால்தான் விட வேண்டும். முறுக்குக்கு வாய் போதாது, ஒரு ஈட்டுக்கு இரண்டுதான். மற்றபடி எனக்கு அந்தப் பெட்டியின்மேல் எந்தக் குறையும் இல்லை. புகை குறைகிறது, குமிழை 170இல் வைத்துவிட்டால் எண்ணெய் அதற்குமேல் தறிகெட்டுச் சூடாவதில்லை. ஓசையைக் கேட்டுப் பதம் சொல்வது அறிவுதான். அந்த அறிவைக் காப்பாற்றுவதற்காக ஒருத்தி தீபாவளிக்கு முன் மூன்று நாள் சட்டி முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்கிறவரை முதலில் நிற்கச் சொல்வேன்.

என்னை யோசிக்கவைத்தது வேறு. அன்று பொரித்தவர் தோழியின் கணவர். விருந்தினர்கள் சுற்றி நின்று அவரைப் பாராட்டினார்கள். தோழி என் காதருகே வந்து சொன்னாள்: "சட்டியிலை பொரிக்கேக்கை இவர் ஒருநாளும் கிட்ட வரேல்லை. இப்ப பட்டனும் நம்பரும் இருக்கெல்லோ, ஆம்பிளையளின்ரை வேலையாப் போச்சுது." இரவு எல்லோரும் போன பிறகு ஆறிய எண்ணெயை வடிகட்டிப் போத்தலில் ஊற்றியதும், பெட்டியின் உள்சுவரில் ஒட்டிய பிசுக்கைச் சுரண்டியதும் அவளும் நானும். எண்ணெய்க்கு ஓர் எண் கிடைத்ததும் பொரிப்பது கைப்பக்குவம் என்பதிலிருந்து தொழில்நுட்பம் என்பதற்கு உயர்ந்துவிட்டது. 'போட்டு'வும் 'எடுக்கவும்' இடம் மாறிவிட்டன. அவற்றுக்குப் பின்னால் வரும், எந்தக் குறிப்பிலும் இல்லாத 'கழுவவும்' மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

போன ஆண்டு வகுப்புக்கு வருகிறேன். பாட்டியின் பக்கமிருந்து கதையை மறுபடி எழுதச் சொல்லியிருந்தேன். பெரும்பாலானவர்கள் பாட்டியை அழவைத்தார்கள், இருவர் காக்காவுக்குக் கல்லெறியவைத்தார்கள். பின்வரிசை மாணவி ஒருத்தியின் பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "எண்ணெயில நாலு வடை கெடக்கு மேடம். நிமிர்ந்து பார்த்தா அது கருகிடும். ஒண்ணுக்காக நாலை விடுவாங்களா?" என்றாள். அவளுடைய அம்மா பேருந்து நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் வடை, பஜ்ஜி போடுகிறார். 'பாவம்' என்ற சொல் அவள் தாளில் எங்கும் இல்லை.

அம்பையின் கதையைக் கொடுத்து, அம்மாவுக்குக் கணக்குப் போட்டு வரச் சொன்னேன். மழை நாட்களையும் திருவிழா, துக்கம் என்று வண்டி நிற்கும் நாட்களையும் கழித்து ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 250 உருப்படி, 18 ஆண்டுகள்: 13 லட்சத்து 50 ஆயிரம். அம்மாவிடம் காட்டினாயா என்றேன். காட்டினாளாம். அம்மா சிரித்துவிட்டு, உளுந்து விலையும் எண்ணெய் விலையும் இதில் எங்கே என்று கேட்டாராம்.

எண்ணெய் பற்றி நான்தான் மேலும் கேட்டேன். பொரித்த எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. அதை அளக்கக் கருவி உண்டு, தள்ளுவண்டியில் அது கிடையாது. அவளுடைய அம்மா நுரையைப் பார்ப்பார். நுரை சட்டியின் விளிம்புவரை ஏறி அடங்காமல் நின்றால் அந்த எண்ணெய் அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் எண்ணெயின் நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், விலையை ஒரு ரூபாய் ஏற்றினாலும் சுளிப்பார்கள்.

அவள் கதையைத் துறை இதழில் போடலாம் என்று முடிவாயிற்று. கடைசியாகத் திருத்திக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"எண்ணெய்னு மட்டும் எழுதிருக்கேன் மேடம். எந்த எண்ணெய்னு போடணுமா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"கதையில கடலை எண்ணெய்னு போட்டா நல்லாருக்கும். ஆனா பாட்டிக்குக் கட்டுப்படியாகாது."

பாமாயில் என்று எழுதிக் கொடுத்தாள்.