மணலுக்குப் போகிற வண்டிக்கு முதல் செலவு

செய்யாற்று மணல் பார்வைக்குச் சாது. மாகறல், வெங்கச்சேரி பக்கம் கோடையில் கரைமேல் நின்று பார்த்தால், யார் வேண்டுமானாலும் வண்டியை இறக்கலாம் என்பதுபோல் வெளேரென்று விரிந்து கிடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால்தான் சங்கதி தெரியும். மேலே நாலு விரற்கடைக்குக் காய்ந்த பொடிமணல், அதற்கு அடியில் பருமணல், இன்னும் கீழே ஈரம். ஈரம் மேலே ஏறிவந்த இடத்தில் தரை கெட்டியாக இருக்கும். டிராக்டர் உழப்பிய தடத்திலும், ஊற்றுத் தோண்டி மூடிய இடத்திலும் கால் முட்டிக்குக் கீழே வரை போகும். இருபதடி தூரத்துக்குள் தரை மூன்று விதமாக மாறிவிடுகிறது. அதனால்தான், போன வாரம் வண்டி போன இடத்தில் இந்த வாரம் போகும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடிவதில்லை.

திருப்புலிவனத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் செய்யாறு குறுக்கிடுகிறது. ஆற்றை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு மணலில் வண்டி ஓட்டுவது பொழுதுபோக்கு இல்லை. பம்ப்செட் பார்க்க, பழுதான மோட்டாரை ஏற்றிவர, உர மூட்டை கொண்டுபோக அந்தத் தடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். நான் ஓட்டுவது 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த தலைமுறைத் தார், 2.2 லிட்டர் டீசல், மேனுவல் கியர், நான்கு சக்கர இழுவை. உத்திரமேரூர் வட்டாரத்தில் இப்போது தாரும் ஜிம்னியும் நிறையவே கண்ணில் படுகின்றன. வாங்கிய கையோடு வந்து கேட்கிறார்கள்: “அண்ணே, முதல்ல என்ன போடலாம்?” கேட்கும்போதே மனதுக்குள் ஒரு பட்டியல் இருக்கும். இரும்பு பம்பர், கூரைமேல் எல்இடி விளக்கு, வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், பெரிய பல் வைத்த மட் டயர். மணலுக்கு இந்த நான்கில் ஒன்றும் உதவாது. உருப்படியாக வேண்டியவை இரண்டு: காற்றை அளக்க ஒரு மானி, இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்ற ஒரு கம்ப்ரஸர். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற செலவு. வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டாம்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தார் ஏறக்குறைய 1,750 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் பிரித்தால் ஒன்றின்மேல் 440 கிலோ. டயரில் 30 பிஎஸ்ஐ, அதாவது பஞ்சர் கடைக் கணக்கில் முப்பது பவுண்டு இருந்தால், தரையைத் தொடும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 2.1 கிலோவைச் சுமக்கிறது. அப்படியானால் ஒரு டயர் தரையில் ஊன்றி நிற்கும் இடம் 210 சதுர சென்டிமீட்டர் அளவுதான். ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன் வண்டி, விரல் விரித்த கை அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான நான்கு இடங்களில் நிற்கிறது. காற்றை 15-க்கு இறக்கினால் அந்தப் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். டயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் துல்லியமாக இரண்டு மடங்கு வராது. ஆனாலும் வித்தியாசம் பெரிது. தரையைத் தொடும் பகுதி அகலத்தில் அதிகம் வளர்வதில்லை, நீளத்தில் வளர்கிறது. அதனால் சக்கரம் முன்னால் குவியும் மணலைத் தள்ளிக்கொண்டு போவதற்குப் பதில் அதன்மேல் ஏறிப் போகிறது. ஜிம்னி ஏறத்தாழ 1,200 கிலோதான் என்பதால், ஒல்லியான டயரை வைத்துக்கொண்டும் மணலில் தாரைவிட லேசாகப் போகும்.

காற்று இறக்குவதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முப்பதில் இருக்கும்போது டயரின் பக்கச்சுவர் நேராக விறைத்து நிற்கும். இருபத்தைந்து வரைக்கும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இருபதைத் தாண்டியதும் அடிப்பக்கம் லேசாகப் பிதுங்க ஆரம்பிக்கும். பதினைந்தில் அந்தப் பிதுக்கம் தெளிவாகத் தெரியும்; ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் ரப்பர் மடிந்து உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்கள் பஞ்சர் என்றே நினைப்பார்கள். “நல்லா இருக்கற காத்த ஏண்ணா எறக்கறீங்க?” என்று எங்கள் ஊர் பஞ்சர் கடைத் தம்பி கேட்டதற்கு ஆற்றில் பதிந்த தடத்தைத்தான் காட்டினேன். முப்பதில் போன தடம் இரண்டு பக்கமும் வெட்டியதுபோல் ஆழமாக, ஓரம் சரிந்துகொண்டே இருந்தது. பதினைந்தில் போன தடம் ஆழமில்லாமல் அகன்று, டயரின் பூ ஒவ்வொன்றும் எண்ணலாம் போலப் பதிந்திருந்தது.

மானி வாங்கும்போது டயலின் உச்ச அளவைப் பாருங்கள். 0 முதல் 150 வரை போட்டிருக்கும் மானியில் 15 என்பது முள் நகரத் தொடங்கும் இடம். அங்கே இரண்டு மூன்று பவுண்டு பிசகினால் தெரியாது. 0 முதல் 60 வரை உள்ளது போதும். பக்கத்திலேயே காற்றை விடும் பொத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் அளந்துகொண்டே இறக்கலாம். டிஜிட்டல் மானி படிக்க எளிது என்றாலும் பேட்டரி தீரும். முள் வைத்த பித்தளை மானிதான் என் தேர்வு. வால்வு ஊசியைக் கழற்றி வேகமாக இறக்கும் கருவியும் கடையில் கிடைக்கிறது. கெட்டித் தரையில் நல்ல கருவி. ஆற்றில் ஊசி கை தவறி மணலில் விழுந்தால் தேடிக் கிடைக்காது. வாங்குபவர்கள் உபரி ஊசி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தார்ச்சாலையில் ஓடிச் சூடான டயர் குளிர்ந்த டயரைவிடச் சில பவுண்டு கூடுதலாகக் காட்டும். வந்த வேகத்தில் அளந்து 15 வைத்தால், டயர் ஆறியபின் உண்மையில் அது 15-க்குக் கீழே இருக்கும்.

கம்ப்ரஸரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னக் கருவி பஞ்சரான ஒரு சக்கரத்துக்கு ஆபத்பாந்தவன். நான்கு சக்கரத்துக்கு அது போதாது. தார் டயர் ஒன்றின் உள்ளே 60 முதல் 70 லிட்டர் இடம் இருக்கிறது. 15-லிருந்து 30-க்கு ஏற்றுவது என்றால் ஏறக்குறைய அதே அளவு வெளிக்காற்றை உள்ளே திணிக்க வேண்டும். லைட்டர் துளையின் ஃபியூஸ் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர்தான் தாங்கும். அதற்குள் அடங்கும் மோட்டார் ஒரு டயரை நிரப்ப ஐந்தாறு நிமிடம் எடுக்கும், இரண்டாவது டயரிலேயே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சித்திரை வெயிலில் ஆற்றங்கரையில் அதற்குப் பொறுமை இருக்காது. பொறுமை இழந்தவர்கள் என்ன செய்வார்கள் என்றால், இறக்கிய காற்றோடே தார்ச்சாலையில் வீடு வரை ஓட்டுவார்கள். மடிந்து மடிந்து விரியும் பக்கச்சுவர் சூடேறி உள்ளுக்குள் கிழிய அது ஒன்றே போதும். பேட்டரி முனையில் கிளிப் போட்டு இயக்கும், நிமிடத்துக்கு 70 லிட்டர் அளவுக்குத் தள்ளும் கம்ப்ரஸரை வாங்குங்கள். டயருக்கு இரண்டு மூன்று நிமிடம். அது 30 ஆம்பியர்வரை இழுக்கும் என்பதால் ஓடும்போது எஞ்சின் இயங்கிக்கொண்டிருக்கட்டும். குழாய் பின்சக்கரம் வரை எட்டுகிறதா என்று கடையிலேயே அளந்து பார்த்துவிடுங்கள். எட்டாத குழாய்கள் நிறைய விற்கின்றன.

இந்த இரண்டையும் வாங்கியபின் டயரைப் பற்றிப் பேசலாம். மணலில் கடிக்கும் டயர் தேவையில்லை, மிதக்கும் டயர்தான் தேவை. மட் டயரின் பெரிய பற்கள் சேற்றை வாரி எறிவதற்காகச் செய்யப்பட்டவை. அதே வேலையை மணலில் செய்தால் வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். வண்டியோடு வந்த டயரே தேயும்வரை போதும். ரிம் அளவைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். தார் அறிமுகமானபோது எல்எக்ஸ் வகைக்கு 255/65 ஆர்18, ஏஎக்ஸ் வகைக்கு 245/75 ஆர்16 டயர் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் முதலாவதின் பக்கச்சுவர் 166 மில்லிமீட்டர், இரண்டாவதுக்கு 184. விலை குறைந்த வகையின் டயர் மணலுக்கு ஒரு படி மேல்! மடிந்துகொடுக்க அதற்கு 18 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கிறது. அழகுக்காக ரிம்மைப் பெரிதாக்கிப் பக்கச்சுவரைச் சுருக்குகிறவர்கள் மணலுக்கு நேர் எதிர்த்திசையில் பணம் செலவழிக்கிறார்கள்.

மூன்றாவது செலவு, மாட்டிக்கொண்டால் வெளியே வர. ஒரு மண்வெட்டி, அது வீட்டிலேயே இருக்கும். அதோடு சக்கரத்துக்கு அடியில் கொடுக்க ஏதாவது. எங்கள் பக்கம் பனைமட்டையும் ஈரச் சாக்கும் கொடுப்பது பழைய வழக்கம், இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. இதையே இரும்பில் செய்தவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1920-களின் கடைசியிலும் 30-களிலும் ஃபோர்டு கார்களை லிபியப் பாலைவனத்துக்குள் ஓட்டிப் போனவர். போரில் பதுங்குகுழிக் கூரைக்காகச் செய்த இரும்புத் தகடுகளைக் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் வாங்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். காற்றை இறக்கி ஓட்டுவதையும் அன்றே பழக்கமாக்கினார். பிறகு காற்றும் மணலும் சேர்ந்து மேடு எழுப்புவதன் இயற்பியலை ஆராய்ந்து 1941-இல் அவர் எழுதிய நூலை இன்றும் அந்தத் துறையில் படிக்கிறார்கள். இப்போது பற்கள் வைத்த பிளாஸ்டிக் பலகைகள் வருகின்றன. மலிவானவற்றில் சக்கரம் ஒரு சுற்று வேகமாகச் சுழன்றாலே பற்கள் உருகி மொழுக்கென்று ஆகிவிடும். கொஞ்சம் பணம் சேர்த்து, வளைத்தால் முறியாத நைலான் பலகையாக வாங்குவது நல்லது. கயிறு வாங்கினால் தாங்கும் எடை அச்சிட்ட கயிறும் கொக்கியும் வாங்குங்கள். டிராக்டர் சங்கிலியைப் பம்பரில் மாட்டி வெட்டி இழுப்பது உயிருக்கு உலை. அறுந்து பறக்கும் இரும்பு, கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும்.

வேண்டாதவற்றுக்கு வருகிறேன். இரும்பு பம்பர் முன் அச்சின்மேல் எடையை ஏற்றும். மேலே போட்ட கணக்கின்படி அது நேராக மணலுக்குள் இறக்கும் எடை. பாதசாரிகளுக்கு ஆபத்து என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இத்தகைய இரும்புக் காப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. வண்டியை உயர்த்துவதும் இதில்தான் வரும். தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், ஜிம்னிக்கு 210. செய்யாற்றில் இதற்குமேல் உயரம் கேட்கும் இடத்தை நான் பார்த்ததில்லை. வண்டி உயர்ந்தால் சரிவில் கவிழும் வாய்ப்பும் கூடும்.

வண்டியிலேயே இருக்கும் பொத்தான்களைப் பழகுவதும் ஒரு மேம்பாடுதான், காசில்லாமல் கிடைப்பது. மணலில் இறங்கும் முன்பே நான்கு சக்கர இழுவையைப் போட்டுவிட வேண்டும்; மாட்டியபின் போட்டுப் பயனில்லை. ஈஎஸ்பியை அணைத்துவிடுங்கள். சக்கரம் கொஞ்சம் சுழன்றாலும் அது எஞ்சின் சக்தியைக் குறைத்து வண்டியை நடுமணலில் நிறுத்திவிடும். நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாமல், கிளட்சை மிதித்துத் தானாக உருண்டு நிற்க விட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவியாது. காற்று குறைந்த டயரில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். போகவில்லை என்று தெரிந்த கணத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வந்த தடத்திலேயே பின்னால் வந்துவிடுங்கள்.

கடற்கரை மணலில் பழகிப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் தாண்டியும் நீளும் கரையில் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. காற்று இறக்கிய டயர் என்றாலும் ஒன்றே முக்கால் டன் எடை அந்தக் கூட்டின்மேல் ஏறினால் பிறகு அங்கே குஞ்சு பொரிக்காது. ஆற்றிலும், ஊர்க்காரர்கள் புழங்கும் வண்டிப்பாதையை விட்டு விலகாமல் ஓட்டுவதே முறை. ஊற்றுக் கால்வாயின் கரையை ஒரு சக்கரம் இடித்தால் கீழே யாரோ ஒருவரின் நாற்றுக்குத் தண்ணீர் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும்போது ஆற்றில் இறங்கவே கூடாது. 2021 வெள்ளத்தில் வெங்கச்சேரி தரைப்பாலத்தையே அடித்துப்போன ஆறு இது.

2023 ஜனவரியில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள தார் வந்தபிறகு, அதை வைத்திருப்பவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்கும் மானியும் கம்ப்ரஸரும்தான் சொல்கிறேன். காற்றை இறக்கினால் ஈரம் ஏறிய கெட்டி மணலில் அந்த வண்டி நம்பி ஓட்டும் அளவுக்கு நன்றாகவே போகிறது. பொடிமணலில் போகாது, பம்பர், ஸ்பிரிங், டயர் என்று எத்தனை லட்சம் கொட்டினாலும் முன்சக்கரம் இழுக்கப்போவதில்லை. அந்தத் தடத்தில் கரையோடு நிறுத்திவிட்டு, மோட்டாரை டிராக்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள் தம்பி.