வட்டிலுக்கு முன் விசாரணை

பிள்ளைகளோடு ஒருவேளையாவது சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுங்கள் என்கிறார்கள் மனநல ஆலோசகர்கள். சாப்பிடும்போது பேசக்கூடாது என்று வளர்ந்த நெல்லைத் தாத்தாக்களுக்கு இது புதுசு. என்றாலும் அறிவுரையில் சரக்கு இருக்கிறது. சாப்பாட்டு நேரப் பேச்சால் சின்னப் பிள்ளைகளின் சொல்வளம் கூடுவதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஸ்னோ நீண்டகால ஆய்வில் காட்டியிருக்கிறார். மனநலம் என்று வரும்போதுதான் சிக்கல். அமெரிக்க ஆய்வாளர்கள் கெல்லி மியூசிக்கும் ஆன் மெய்யரும் 2012இல் குடும்பச் சூழலையும் வசதியையும் கழித்துப் பார்த்தபோது, இரவுச் சாப்பாட்டின் பலன் என்று நம்பியதில் கணிசமான பகுதி கரைந்துவிட்டது. ஏற்கெனவே ஒட்டுறவாக இருக்கிற வீடுகள்தான் சேர்ந்தும் சாப்பிடுகின்றன போலும்.

கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு என்பதைப் பொறுத்தே பலன் என்பது என் கணிப்பு. லாஸ் ஏஞ்சல்ஸ் குடும்பங்களின் இரவுச் சாப்பாட்டைப் பதிவுசெய்து ஆராய்ந்த எலினார் ஓக்ஸும் கேரலின் டெய்லரும் கண்டது இது: அன்றைக்கு நடந்ததைச் சொல்லும்படி பிள்ளையை அம்மா தூண்டுகிறார், அப்பா தீர்ப்புச் சொல்கிறார். பாளையங்கோட்டையிலும் பல வீடுகளில் இதே கதைதான். "ஏலே, கணக்குல எத்தன?" என்று அப்பா தொடங்கியதும் பையன் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருப்பான். "சாப்பிடுத நேரத்துல பிள்ளைய வையாதீங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வரும். சுட்டுப் போட்டுவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பேச்சில் இடமே இல்லை. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் சேர்ந்து சாப்பிட நேரம் வாய்ப்பதே அரிது; ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் சுளகை மடியில் வைத்து அம்மா இலை வெட்டும்போது பக்கத்தில் உட்காரும் பிள்ளை தானாகப் பேசும். அம்மாவின் கண் இலையில் இருப்பதே அதற்குச் சௌகரியம். (ரொம்பவும் மெச்ச வேண்டாம்: புகையிலைத் தூசி பிள்ளையின் மூக்கிலும் ஏறுகிறது.)

கேட்காவிட்டால் பள்ளியில் நடப்பது எப்படித் தெரியும் என்ற மறுப்பு நெல்லை மாவட்டத்தில் லேசானதல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை அவர் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்கு முன்பே அவர்களுடைய தொல்லை தாங்காமல் அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். இப்படிப்பட்ட வலி மார்க் விசாரணையில் வெளியே வராது. மார்க்குக்கே வைகிறவரிடம் இதைச் சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? தவிர, சாதிப் பெருமை பிள்ளைகள் காதில் முதலில் விழுவதும் பெரும்பாலும் வீட்டுப் பேச்சில்தான். பேச்சு கூடினாலே நல்லது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யும்படி 2024இல் பரிந்துரைத்தது. அந்தக் கயிறோடு சாப்பிட உட்காரும் பையனிடமும் பல அப்பாக்கள் கணக்கு மார்க்கைத்தான் கேட்கிறார்கள்.