பொன்னும் பிணையும்: 119ஆம் சங்கீதத்தில் செல்வத்தின் சொற்கள்

வேதாகமத்தின் மிக நீண்ட அதிகாரம் 119ஆம் சங்கீதம். எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும் எட்டெட்டாக 176 வசனங்கள். தோரா (இறைச்சட்டம்), கட்டளை, நியமம், சாட்சி என்று எட்டுச் சொற்கள் மாறி மாறி வந்து ஒரே பொருளைச் சுற்றுகின்றன. இறைவனின் கட்டளை பொன்னிலும் மேலானது என்பதை 72ஆம் வசனமும் 127ஆம் வசனமும் வெளிப்படையாகவே சொல்கின்றன.

இந்த ஒழுங்கே பாட்டுக்கு வினையாயிற்று. 1899இல் பெர்ன்ஹார்ட் டூம் தம் உரையில் இதைச் சாரமற்ற எழுத்தென்று ஒதுக்கினார். சி. எஸ். லூயிஸ் 1958இல் பூத்தையலோடு ஒப்பிட்டுப் பரிவுகாட்டினார். டேவிட் நோயல் ஃப்ரீட்மன் 1999இல் இதன் அசைகளை எண்ணி அமைப்பை ஆராய்ந்தார். இவர்களிலும் ஆழமாகச் சென்றவர் ஜான் லெவன்சன். பாட்டில் மோசேயும் இல்லை, சீனாய் மலையும் இல்லை என்பதை 1987இல் சுட்டிக்காட்டி, இங்கே தோரா என்பது மோசேயின் ஐந்நூலுக்குள் அடங்காதது என்றார். இத்தனை உழைப்புக்கு நடுவே, பொன்னைப் பேசும் வசனங்களுக்கு அக்கம்பக்கத்தில் என்ன நிற்கிறது என்ற கேள்வி பின்தங்கிவிட்டதாகவே நினைக்கிறேன்.

72ஆம் வசனம் 'தேத்' என்ற எழுத்துக்குரிய பகுதியின் கடைசி வரி. அப்பகுதியின் எட்டு வசனங்களில் ஐந்து, நன்மையைக் குறிக்கும் 'தோவ்' என்ற சொல்லிலோ அதன் உறவுச் சொல்லிலோ தொடங்குகின்றன. பொன்னுக்கு முந்தைய வரியில் நல்லது என்று சொல்லப்படுவது எது? தான் பட்ட துன்பம். அதற்கும் முன்னே, அகந்தை கொண்டவர்கள் இவன்மேல் பொய்களைப் பூசுகிறார்கள். பெட்டி நிறையப் பணம் வைத்துக்கொண்டு பணத்தைப் பழிப்பவனின் பேச்சு இதுவல்ல.

127ஆம் வசனம் இன்னும் கூர்மையானது. அது நிற்கும் 'ஆயின்' பகுதியின் தொடக்கத்தில் ஒடுக்குகிறவர்களிடம் தன்னை விட்டுவிட வேண்டாம் என்று பாடுகிறவன் மன்றாடுகிறான். அடுத்த வசனத்தில் அவன் இறைவனிடம் கேட்பது பிணை. எபிரேயத்தில் அந்த வினை கடன்காரனுக்காக ஒருவர் ஜாமீன் நிற்பதைக் குறிப்பது. ஜாமீன் தேடும் நிலையில் இருப்பவன் ஐந்து வரி தள்ளிப் பசும்பொன்னைக் கட்டளைக்குக் கீழே வைக்கிறான். இந்தப் பாட்டைப் பெரும்பாலான அறிஞர்கள் சிறையிருப்புக்குப் பிந்தைய காலத்ததாகக் கொள்கின்றனர். பாரசீக ராஜாவின் வரிக்காக மக்கள் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகுவைத்த கதையை நெகேமியாவின் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. இரண்டும் ஒரே காலம் என்று நான் நிறுவ வரவில்லை. அடகும் பிணையும் அறிந்த காதுகள் இதைக் கேட்டிருக்கும் என்பதே என் வாதம்.

நிலத்தின் சொற்களும் உண்டு. 57ஆம் வசனத்தில் இறைவனே 'பங்கு'. 111இல் அவர் சாட்சிகளே 'சுதந்தரம்'. பழைய தமிழ் வேதாகம நடையில் சுதந்தரம் என்றால் வழிவழியாக வரும் உரிமைச் சொத்து. நிலப் பங்கு பெறாத லேவியருக்குக் கர்த்தரே பங்கு என்ற பழைய முறை இங்கே ஒருவனின் உள்ளத்து வழக்காகிறது.

பொன்னிலும் தோராவே மேல் என்பதை யூத மரபு வாழ்க்கைக் கதையாகவே காத்தது. 'பிர்கே அவோத்' நூலின் பிற்சேர்க்கையான 6ஆம் அதிகாரத்தில், ரப்பி யோசே பென் கிஸ்மாவை ஒருவன் தன் ஊரில் வந்து குடியேற அழைக்கிறான். பத்து லட்சம் பொற்காசும் மணியும் முத்தும் தருவதாகச் சொல்கிறான். தோரா உள்ள ஊரைத் தவிர வேறெங்கும் வாழமாட்டேன் என்று மறுக்கும் அவர் காட்டும் சான்று இந்த 72ஆம் வசனம்.

தமிழில் படிப்போருக்கு ஒரு தனித் தடை இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் கட்டளைக்கு வழங்கும் சொல் 'கற்பனை'. இன்றைய காதில் அது மனத்தின் புனைவாகிவிட்டது. ஆணை என்ற பழம்பொருளை மனத்தில் இருத்திக்கொண்டு 'தேத்', 'ஆயின்' இரண்டையும் ஒரே அமர்வில் படியுங்கள். பிறகு 176ஆம் வசனத்துக்குப் போங்கள். பொன்னை மறுத்தவன் அங்கே காணாமற்போன ஆடாக நின்று, தன்னைத் தேடும்படி கேட்கிறான்.