வாத்தியார் சொன்ன பதில்

தரங்கம்பாடிக்கு வந்த தொடக்க நாள்களில் ஒருநாள் கிறித்தவப் போதகர் சீகன்பால்கு ஊருக்கு வெளியே நாட்டுப்புறம் நடந்து போகிறார். வழியில் ஓர் அம்மன் கோயில். ஈசுவரனின் தேவிக்கு உரியது என்று ஒரு கடிதத்தில் எழுதுகிறார். தேவியைச் சுற்றிப் பீங்கான் உருவங்கள் பல நின்றதாகவும் சொல்கிறார். பீங்கானாக இருக்க வழியில்லை. நேர்த்திக்கடனுக்காகக் குயவர் வனைந்து கொடுத்த சுடுமண் பொம்மைகளாகவே இருந்திருக்க வேண்டும். அவற்றைப் பார்த்ததும் அவருக்கு மனம் பொறுக்கவில்லை. சிலவற்றைக் கீழே தள்ளுகிறார். சிலவற்றின் தலையை உடைக்கிறார். இவற்றுக்கு ஒரு சக்தியும் இல்லை என்று அங்கே நின்றவர்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம்.

கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் சேவகர்கள் என்றார் அவர். சீகன்பால்கு விடவில்லை. வாதம் நீண்டது. கடைசியில் இவை வெறும் பொம்மைகள்தாம் என்று வாத்தியாரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டதாக எழுதுகிறார். ஆனால் ஒப்புக்கொண்ட அதே மூச்சில் வாத்தியார் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: எளிய மனிதர்கள் கண்ணால் காணும் ஒன்றைப் பற்றிக்கொண்டு காணாத ஒன்றை நினைப்பதற்காக இவை வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு எந்த மறுமொழியும் கடிதத்தில் இல்லை.

இந்தச் சம்பவத்தை நமக்குச் சொன்னவர் உடைத்தவரே. வாத்தியாரின் பெயரை அவர் எழுதவில்லை. ஆனால் பதிலை எழுதியிருக்கிறார். சீகன்பால்குவின் கிராமப் பயணங்களையும் அவற்றில் நடந்த உரையாடல்களையும் மதிப்பிட உட்காரும்போது என் தராசின் முதல் தட்டில் வைக்க வேண்டியது இந்தப் பதிலைத்தான் என்று நினைக்கிறேன்.

இதுவரை நடந்த மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு வகை. திருச்சபை வரலாறுகள் இந்தப் பயணங்களை விதைப்பவனின் நடையாகக் கொண்டாடுகின்றன. எதிர்த் தரப்பு, அந்நிய வணிகக் கோட்டையின் நிழலில் நின்று உள்ளூர் வழிபாட்டை இழிவுபடுத்திய செயலாக அவற்றைப் பார்க்கிறது. இரண்டு தரப்புக்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே போதகர் பேசியதை மட்டும் எடைபோடுகின்றன. எதிரில் நின்றவர் பேசியதை இரண்டும் கடந்துபோய்விடுகின்றன.

முதலில் எல்லை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் பெற்ற உடன்படிக்கையின்படி டேனியருக்குக் கிடைத்தது கடலோரத்தில் ஒரு சிறு துண்டு நிலம். தரங்கம்பாடி, பொறையாறு, இன்னும் சில ஊர்கள், அவ்வளவுதான். காலையில் கோட்டையை விட்டு நடக்கத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் தஞ்சை அரசின் மண்ணை மிதித்துவிடலாம். திருக்கடையூர் கோயில் எல்லைக்கு அப்பால்தான் இருந்தது. நாயக்கர் ஆட்சி போய் மராத்தியர் ஆட்சி வந்த பின்னும் தஞ்சைக்கு டேனியர் கட்ட வேண்டிய குத்தகை தொடர்ந்தது. 1699இல் தஞ்சைப் படை தரங்கம்பாடியை முற்றுகையிட்டிருந்தது. 1701இல் தஞ்சை நாட்டுக் கத்தோலிக்கர்கள் கடும் ஒடுக்குமுறைக்கு ஆளானார்கள். இவையெல்லாம் மக்கள் நினைவில் ஆறாமல் இருந்தபோதுதான், 1706 ஜூலை 9 அன்று, தம் 24ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், சீகன்பால்கு தோழர் புளுட்சாவுடன் வந்து சேர்ந்தார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய ஆள். ஆனால் அந்த அரசரின் கோட்டைத் தளபதியே அவரை வேண்டா விருந்தாளியாக நடத்தினார். 1708இன் இறுதியில் அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்ததும் அந்தத் தளபதிதான்.

கோட்டைக்கு உள்ளே பகை, எல்லைக்கு வெளியே ஐயம். இப்படிப்பட்ட மனிதர் எல்லை தாண்டிச் சத்திரத்துத் திண்ணையிலும் மர நிழலிலும் உட்கார்ந்து பேசும்போது அவருக்குப் பின்னால் அரச அதிகாரம் நின்றது என்று சொல்லிவிட முடியாது. பீரங்கியின் துணையோடு நடந்த பிரசாரம் என்ற எளிய குற்றச்சாட்டு தஞ்சை மண்ணில் பொருந்தவில்லை. கேட்டவர்கள் எழுந்து போகலாம், சிரிக்கலாம், எதிர்த்துப் பேசலாம். செய்தார்கள். டேனிய எல்லைக்குள் நிலைமை வேறு. அங்கே பேசியவரின் தோல் நிறமே அதிகாரம்தான். இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல் உரையாடல்களைப் படிப்பவர் ஏமாந்து போவார்.

அடுத்தது பதிவு. இந்த உரையாடல்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன? தமிழில் நடந்தவை, நடந்து முடிந்த பின் நினைவிலிருந்து ஜெர்மனில் எழுதப்பட்டவை, ஹாலே நகரத்தில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே வெட்டித் திருத்தி அறிக்கைகளாக வெளியிட்டவை. அந்த அறிக்கைகளைப் படித்தவர்கள் மிஷனுக்குப் பணம் தந்தவர்கள். ஜெங்கின் பிலிப்ஸ் 34 உரையாடல்களை ஆங்கிலமாக்கி 1719இல் லண்டனில் பதிப்பித்தபோது இன்னொரு கை பட்டது. இத்தனை கை மாறி வந்த ஓர் உரையாடலை அப்படியே நடந்ததாக எடுத்துக்கொள்வது திறனாய்வாளன் செய்யக் கூடாத பிழை. போதகரின் பேச்சு பக்கம் பக்கமாக நீள்கிறது. பிராமணரின் மறுப்பு நான்கு வரியில் முடிகிறது. நேரில் எவரும் இந்த விகிதத்தில் பேசுவதில்லை, அதிலும் வாதம் என்று வந்துவிட்டால் தமிழர் நிச்சயமாகப் பேசுவதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் தள்ளிவிடலாமா? வேண்டாம். வழக்காடு மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு: தன் கட்சிக்குச் சாதகமாக ஒருவர் சொல்வதைச் சந்தேகத்தோடு கேட்பார்கள், தன் கட்சிக்குப் பாதகமானதை அவரே சொன்னால் அதை நம்புவார்கள். இந்த அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர் வாயடைத்துப் போனார், யோசித்துச் சொல்கிறேன் என்றார், உங்கள் வேதமே நல்லது என்று ஒப்புக்கொண்டார் என்று முடியும் இடங்கள் புரவலர்களுக்காக எழுதப்பட்டவை. பாதிக்கு மேல் கழித்துவிடலாம். புரவலர்கள் கேட்க விரும்பாதவை எங்கெங்கே நுழைந்திருக்கின்றனவோ அங்கே நிற்க வேண்டும்.

அப்படி நுழைந்தவை நிறைய. கடவுள் ஒருவரே, அவரிடம் போகும் வழி ஒவ்வொரு மக்களுக்கும் வேறு, உமக்கு உம் வழி, எமக்கு எம் வழி என்ற வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. துறைமுகத்து வெள்ளைக்காரர்களின் குடியையும் சண்டையையும் சுட்டிக்காட்டி, இதுதான் உங்கள் வேதம் தரும் வாழ்க்கையா என்று கேட்கிறார்கள். மாட்டிறைச்சி தின்பதையும் மலம் கழித்த பின் கால் கழுவாமல் இருப்பதையும் கூசாமல் சொல்லிக் காட்டுகிறார்கள். ஜெர்மனியின் பக்திமான்கள் இந்தக் கடைசிக் குறையைப் படித்து என்ன நினைத்திருப்பார்கள்! எந்த மிஷன் அறிக்கையும் வேண்டுமென்று இதைப் புனைந்து சேர்க்காது. சொல்லப்பட்டது, காதில் விழுந்தது, எழுதப்பட்டது. ஐரோப்பியரின் நடத்தையே தம் வேலைக்குப் பெருந்தடை என்று சீகன்பால்குவும் எழுதியிருக்கிறார்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மனிதர்கள் தங்கள் நம்பிக்கையைப் பற்றிச் செய்யுளில் அல்லாமல் வாய்ப்பேச்சில் எப்படி வாதாடினார்கள் என்று காட்டும் ஆவணங்கள் மிகக் குறைவு. நமக்குத் தலபுராணங்கள் உண்டு, பிரபந்தங்கள் உண்டு, சைவ மடங்களின் சாத்திரங்கள் உண்டு. சத்திரத்தில் உட்கார்ந்து ஓர் அந்நியனோடு வழக்காடிய வியாபாரியின் குரல் அவற்றில் இல்லை. அது இங்கே, ஜெர்மன் மொழியில் சிதைந்து கிடக்கிறது.

பயணங்கள் பயணியை மாற்றினவா? இதற்கு அவருடைய நூல்களே சாட்சி. மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தமிழ் கற்றவர், 1708க்குள் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்துவிட்டார். அதே ஆண்டில் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு விரிவான பட்டியல் போட்டார். சுவடி தேடி அவருடைய எழுத்தர்கள் உள்நாட்டில் பல நாள் பயணம் போய்ப் பிராமண விதவைகளிடம் விலைக்கு வாங்கி வந்தார்கள். அவரால் போக முடியாத தொலைவுக்கு அவருடைய தமிழர்கள் போனார்கள் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

1713இல் அவர் முடித்த நூல் தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளி. பரம்பொருள், மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள் என்று நான்கு பாகம். கிராம தேவதைகளுக்குத் தனிப் பாகம் கொடுத்து ஐயனார், பூரணை, புட்கலை, எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பத்திரகாளி, பிடாரி என்று ஒவ்வொருவரின் உருவம், கோயில் அமைப்பு, காவல் தொழில், விழா, பலி ஆகியவற்றைப் பொறுமையாக எழுதுகிறார். எவரைச் சுற்றி எவர் நிற்கிறார், யாருக்கு யார் சேவகம் செய்கிறார் என்பதே அந்த நூலின் இலக்கணம். சுடுமண் தலைகளை உடைத்த நாளில் வாத்தியார் சொன்னதும் அதுதானே! சேவகர்கள் என்ற சொல்லை அன்று வாதத்தில் தோற்கடிக்கப் பார்த்தவர், ஏழு ஆண்டு கழித்து அந்தச் சொல்லின் உட்பொருளை ஒரு நூலாக விரித்தார். வாத்தியாரை அவர் நினைத்துக்கொண்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. நாட்டுப்புறத்தில் அவர் சந்தித்த பலரும் ஒன்றுசேர்ந்து அவருக்குப் பாடம் சொல்லியிருக்கிறார்கள் என்கிறேன்.

ஹாலேயில் பிராங்கே அந்தக் கையெழுத்துப் படியை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அஞ்ஞானத்தை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் கேள்வி. நூல் 1867இல்தான், அதுவும் சென்னையில், வில்ஹெல்ம் கெர்மன் பதிப்பாக வந்தது. 1711இல் எழுதிய இன்னொரு பெரிய நூல், சிவவாக்கியத்தை ஏராளமாக எடுத்தாண்ட நூல், 1926 வரை காத்திருந்தது. பயணங்கள் அவரை மாற்றின என்பதற்கு, அனுப்பியவர்களே இந்த எழுத்தைத் தங்கள் நோக்கத்துக்கு மாறானது என்று கண்டார்கள் என்பதைவிட வலுவான சான்று எனக்கு வேண்டியதில்லை.

ஆனால் பற்றுக்கணக்கும் இருக்கிறது, அதைக் குறைக்க முடியாது. தலை உடைத்த செயலுக்குக் காலத்தைக் காரணம் காட்டி மன்னிப்புத் தேடுகிறவர்கள் உண்டு. நான் உடன்படவில்லை. ஒரு குயவர் வனைந்து, ஒரு தாய் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டு வைத்த பொருள் அது. உடைத்தது தவறு, அக்காலத்து நியாயப்படியும் தவறு. தம் ஊர் மாதாகோயிலில் வேற்றூரான் அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பின்னாளைய அறிவு அந்தக் கடனைத் தீர்த்துவிடவில்லை.

இன்னொரு குறை அவர் கேட்காத குரல்கள். உரையாடல்களில் பிராமணர் வருகிறார், பண்டாரம் வருகிறார், இசுலாமியர் வருகிறார், வியாபாரி வருகிறார். பெண்கள் அநேகமாகப் பேசுவதே இல்லை. கோயில் வாசலுக்கே வர முடியாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்தத் திண்ணை விவாதங்களில் பதிவாகவில்லை. தமிழர் என்று அவர் பொதுவாகச் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் பேசுவது எழுத்தறிந்த ஆண்.

1709இல் அவர் தஞ்சாவூருக்கே போய்விடத் துணிந்தார். உள்ளூர் உடை அணிந்து கிளம்பியும் பாதி வழியில், அரசரின் அனுமதி இல்லாமல் மேலே போனால் சிறைதான் என்று எச்சரிக்கப்பட்டுத் திரும்பினார். அந்தத் தோல்வியின் பயன் பெரிது என்பது என் எண்ணம். நேரில் போக முடியாதவர் 1712 முதல் கேள்விகளை எழுதி அனுப்பினார். 99 கடிதங்கள் பதிலாக வந்து ஜெர்மனில் அச்சாயின. அவற்றில் பெரும்பகுதி ஒரே கையால், அவரிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்ட அழகப்பரின் கையால் எழுதப்பட்டது என்று கூர்ட் லீபாவ் வாதிட்டிருக்கிறார். அப்படியே இருந்தாலும் கடிதங்கள் உரையாடல்களைவிட ஒருபடி மேல். பதில் சொல்பவர் தாமே எழுதுகோலைப் பிடித்திருக்கிறார். இடைமறிக்க எதிரில் போதகர் இல்லை. தஞ்சை எல்லைக்குள் மிஷன் வேரூன்றியதும் பின்னாளில் இராசநாயக்கன் போன்றவர்களால்தான். தஞ்சைப் படையில் சேவகம் செய்தவர் அவர். தரங்கம்பாடியில் அச்சான வேதநூலைப் படித்து வந்து உபதேசியாரானவர்.

என் தீர்ப்பு இது. பிரசாரமாகப் பார்த்தால் அந்த எல்லை தாண்டிய நடைகள் அன்றைய நாளில் தோற்றவை. தோற்றதற்குக் காரணம் எதிராளிகளிடம் பதில் இருந்ததே. உரையாடலாகப் பார்த்தால் அவை ஒருபக்கம் சாய்ந்தவை. அவற்றைச் சமயச் சமரசத்தின் முன்மாதிரி என்று மேடையில் பேசுவது மிகை. சாட்சியாகப் பார்த்தால் அவற்றுக்கு ஈடில்லை, பதிவு செய்தவருக்குப் பாதகமான இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிபந்தனையோடு. சீகன்பால்கு 1719இல், 36 வயதில் இறந்தார். அவர் பெயரில் நினைவுத் தூண்களும் அஞ்சலிகளும் உண்டு. அந்த உரையாடல்களைத் தமிழில் கொண்டுவரும் பதிப்பாசிரியர் யாராயினும், அட்டையில் சீகன்பால்குவின் பெயருக்குக் கீழே, அந்த வாத்தியாருக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.