பேஸ் கிதாரின் ஆட்டம்

2000-ல் சேகா ட்ரீம்காஸ்டுக்கு வந்த 'ஜெட் செட் ரேடியோ' வீடியோ கேமின் பாடல்களில் என் தேர்வு 'ஹம்மிங் த பேஸ்லைன்'. இசை ஹிடேகி நகனுமா.

கார்ட்டூன் போலத் தீட்டிய டோக்கியோவில், சக்கரக் காலணி மாட்டிய இளைஞர்கள் சுவரில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறார்கள், போலீஸ் துரத்துகிறது. நகரத்துத் திருட்டு வானொலியில் ஓடும் பாட்டுகள்தான் பின்னணி இசை.

பெயருக்கேற்ப இங்கே பேஸ்தான் நாயகன். வழக்கமாக அடியில் கிடந்து மற்றவற்றைத் தாங்கும் வாத்தியம், முன்னால் வந்து துள்ளுகிறது. நகனுமா குரல்களைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டுபவர். சொற்கள் பாதியில் அறுந்து, அர்த்தம் போய், தாளமாக மட்டும் மிஞ்சும். பாடகி என்று ஒருவர் இல்லை. கத்தரிக்கோல்தான் பாடுகிறது என்பேன்.

கைப்பிடிக் கம்பியில் சறுக்கும்போது இதைக் கேட்க வேண்டும். காலணி உரசும் சத்தமும் பாட்டில் ஒரு வாத்தியமாகிவிடும். சுவரில் பெரிய ஓவியம் தீட்ட, திரையில் வரும் அம்புக்குறிப்படி கன்ட்ரோலரின் குச்சியைச் சுழற்ற வேண்டும். விரல் தானாகத் தாளத்தில் விழும்.

2002-ல் வந்த அடுத்த பாகத்தில் இதற்கு ரீமிக்ஸும் உண்டு. எனக்கு மூலம்தான் உசத்தி. நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் காதுக்கே எட்டாது.