பெயர்த் திருத்தமும் பெயர்ச் சிதைவும்

வம்சாவழியை அறியும் கலைக்கு ‘இல்முல் அன்ஸாப்’ என்று பெயர். பாகப்பிரிவினையும் உறவுமுறையும் அதனைப் பற்றியே நிற்கின்றன. ஆகவே ஒரு பெயரைப் பிழைபட எழுதுவது ஓர் உறவையே அறுத்துவிடக்கூடும்.

குண்டடம் போன்ற ஊர்களிலிருந்து பின்னலாடைத் தொழிலை நாடித் திருப்பூர் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள், இன்று இணையத்தில் முன்னோரைத் தேடுகின்றனர். நல்ல முயற்சிதான். எனினும் அங்குள்ள பெயர்ப் பட்டியல்களைத் திருத்தப் புகுவோர் பிழை எது, வழக்கு எது என்று பிரித்தறிவதில்லை என்பதே நம் குறை.

பிழை என்பது பார்த்தெழுதியவரின் கண் தவறியது. அரபெழுத்தில் முதலெழுத்தின் மேல் ஒரு புள்ளி ஏறினால் ‘ஹபீப்’, ‘குபைப்’ ஆகிவிடும். ஓலைச்சுவடியிலோ புள்ளியே இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். இத்தகைய தவறுகளைத் திருத்துவது கடமை.

வழக்கு அவ்வாறன்று. ஷைகு அப்துல் காதிர் தமிழ்நாவில் சீதக்காதி ஆனார். மரைக்காயர் என்பது இலங்கையில் ‘மரிக்கார்’ என்றும் பினாங்கில் ‘மெரிக்கன்’ என்றும் வழங்குகிறது. இவை பிழைகளல்ல, அந்தக் குடும்பங்கள் தாமே ஏற்றுத் தாங்கிய பெயர்கள். ‘தூய அரபு’ வடிவம் தருகிறோம் என்று இவற்றை அழிப்போர், பத்திரத்திலும் மீஸான் கல்லிலும் உள்ள பெயரோடு பட்டியலுக்குள்ள தொடர்பையே துண்டிக்கின்றனர்.

ஊர்ப்பெயருக்கும் இது பொருந்தும். குண்டடம் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் பெரியார் மாவட்டத்தில் சேர்ந்தது. அம்மாவட்டமே 1996-இல் ஈரோடு எனப் பெயர் பெற்றது. 2009 முதல் குண்டடம் திருப்பூர் மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. பழைய ஏட்டில் ‘கோயம்புத்தூர்’ என்றிருப்பதைத் ‘திருப்பூர்’ என மாற்றுபவர், மூல ஆவணத்தைத் தேட வேண்டிய இடத்தையே மறைத்துவிடுகிறார்.

இதற்கு வழியென்ன? ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதனை முன்பே வகுத்துவிட்டனர். எழுத்தில் ஒத்து உச்சரிப்பில் வேறுபடும் பெயர்களுக்கென்றே ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் இப்னு மாகூலா (ரஹ்) ‘அல்இக்மால்’ என்னும் பெருநூலை யாத்தார். மூலத்தில் பிழை கண்டால் அதனைச் சுரண்டி அழிக்காமல், உள்ளபடியே விட்டு, அடையாளமிட்டு, சரியானதை ஓரத்தில் எழுதுவதே சிறந்தது என்பது இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களின் கருத்து.

இணையப் பட்டியலுக்கும் அதுவே நெறியாகட்டும். மூலப் படத்தைக் கண்ணால் காணாமல் ஓர் எழுத்தையும் மாற்றலாகாது. மாற்றினால், பழைய வடிவத்தையும் மாற்றிய காரணத்தையும் அருகில் குறித்தல் வேண்டும். முன்னோர் தம் பெயரை நம்மிடம் அமானிதமாக விட்டுச் சென்றுள்ளனர். அமானிதத்தை அழகுபடுத்தித் தருமாறு எவரும் கேட்பதில்லை. பெற்றவாறே திருப்பித் தருவதுதான் முறை.